சைலன்சர் புராணம்

1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது, எல்லையில் ரோந்து போக. ரோந்து என்றால் எதிராளிக்குத் தெரியாமல் போவது என்று நம்மைப் போன்ற சாமானியர்கள் நினைத்துக்கொண்டிருப்போம். ராணுவத்தின் கணக்கே வேறு. பார்த்துப் பார்த்து அவர்கள் பிடித்தது, இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் செய்த ராயல் என்பீல்டு புல்லட் 350. ‘வந்துகொண்டே இருக்கிறோம், டீயைக் குடித்துவிட்டு நிதானமாக இடத்தைக் காலி செய்யுங்கள்’ என்று தூரத்திலிருந்தே எதிரிக்குத் தகவல் சொல்லிவிடுகிற வண்டி. வீணாக ஒரு தோட்டா செலவாகாது. சிக்கனமான அரசாங்கம்.

ஆர்டர் நூற்றுக்கணக்கில். அத்தனையையும் கப்பலில் ஏற்றி இறக்குவானேன், இங்கேயே செய்துவிடலாமே என்று மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி ரெடிட்ச்காரர்களோடு சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலைக்குப் பார்த்த இடம் திருவொற்றியூர். முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே கோத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே பிறந்தது. 1970-இல் இங்கிலாந்துத் தாய்க் கழகம் கடையைக் கட்டியது, பிள்ளை அசரவில்லை. 1977-இல் வெள்ளைக்காரனுக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது. அவன் தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரனுக்குப் புத்தம் புதிதாக விற்கிற வியாபாரத்தை வேறு யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

திருவொற்றியூர் லேசுப்பட்ட ஊர் இல்லை. பட்டினத்தார் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து அடங்கிய இடம். வீணை குப்பய்யர் அழைத்து வர, தியாகராஜ சுவாமிகள் இங்கே திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ‘திருவொற்றியூர் பஞ்சரத்னம்’ என்று வித்வான்கள் இன்றும் பயபக்தியோடு பாடுகிறார்கள். அதே ரோட்டில் வடக்கே போனால் எண்ணூர். அங்கே அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனதும் அதே 1955-இல்தான். ஒரே வருஷம், ஒரே ரோடு, இரண்டு பெரிய சாரீரங்கள். பட்டினத்தார் முன்கூட்டியே சமாதி ஆகிவிட்டது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

இதில் ஒரு பூகோளச் சிக்கல் உண்டு. தொழிற்சாலை வந்தபோது ஊர் செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் மாவட்டத்தைப் பிரித்ததில் திருவள்ளூர் மாவட்டம். 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2018-இல் சென்னை மாவட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராமல் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிய ஊர் இது. நெடும்பயண மோட்டார் சைக்கிள் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

நிற்க. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

346 சிசி, ஒரே சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒல்லியாக, உயரமாக வளர்ந்த உடம்பு. கூடவே கனத்த ஃப்ளைவீல். எதற்கும் அவசரப்படாது. ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 1000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான். ஆக நிமிஷத்துக்கு 500 வெடி, விநாடிக்கு சுமார் 8. நம் காது விநாடிக்கு ஏறக்குறைய 20 தட்டு வரை தனித்தனியாகக் கேட்கும். அதற்கு மேல் போனால் எல்லாம் குழைந்து ஒரே முனகலாகிவிடும். ஆகவே புல்லட்டில் ஒவ்வொரு வெடியும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறது. தட். தட். தட். கியர் மாற்றி 3000 சுற்றுக்குக் கொண்டுவந்தால் விநாடிக்கு 25 வெடி. அந்த இடத்தில்தான் தாளம் மெல்லச் சுருதியாக மாறும். மிருதங்கக்காரருக்குத் தனி, தம்புராக்காரருக்குத் தனி என்று இரண்டு சன்மானம் கொடுத்துச் செய்ய வேண்டிய காரியத்தைத் திருவொற்றியூர்க்காரர்கள் ஒரு பிஸ்டனில் முடித்துவிட்டார்கள்.

என் கட்சி இதுதான்: தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய உருப்படியான பைக் ஒலியமைப்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது இந்தச் சைலன்சர். மோனோ. ஒரே சேனல், ஒரே பாட்டு. வால்யூம் வலது கைப்பிடியில். வாரண்டிக் காலம் முடிந்த பிறகும் பாடும். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் இன்னும் நன்றாகப் பாடும்.

கச்சேரி தொடங்குவதற்கு மட்டும் சில சம்பிரதாயங்கள் இருந்தன. கிக்கரைக் காலால் மெதுவாக அமுக்கி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது கையால் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்க வேண்டும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, குலதெய்வத்தை நினைத்து, மொத்த எடையையும் போட்டு ஓர் உதை. முறை தப்பாமல் செய்தால் தட் தட் தட். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூர், திருத்தணியைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் திருவள்ளூர்ப் பக்கத்து புல்லட்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. என்ன, அங்கே போவதற்கு வேறு யாராவது வண்டியை ஸ்டார்ட் செய்து தர வேண்டும்.

இங்கே இப்படி இருக்க, அமெரிக்காக்காரன் வேறு வழியில் போனான்.

1930-இல் சிகாகோவின் பால் கால்வின் காருக்குள் ரேடியோ வைக்கலாம் என்று முடிவு கட்டினார். கடன் கேட்கப்போன பேங்க்காரரின் பாக்கர்டு காரில் ஒன்றைப் பொருத்திக் காட்டி அவரைக் கவிழ்க்கப் பார்த்தார் என்றும், பொருத்திய அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது என்றும், கடன் கிடைக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. மனிதர் மனம் தளராமல் தன் ஸ்டூட்பேக்கர் காரிலேயே ரேடியோவை மாட்டிக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ வியாபாரிகள் மாநாட்டுக்குப் போனார். ஸ்டால் எடுக்கக் காசில்லை; வாசலில் காரை நிறுத்திப் பாடவிட்டார். ஆர்டர் குவிந்தது. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டோரோலா. செல்போனெல்லாம் பிற்பாடு வந்த கதை.

கார் பாடிவிட்டது, மோட்டார் சைக்கிள் சும்மா இருக்குமா? ஹோண்டா 1975-இல் கோல்டு விங்கை இறக்கியபோது அது மொட்டையாகத்தான் வந்தது. அமெரிக்கர்கள் கிரெய்க் வெட்டர் என்பவரிடம் ‘விண்ட்ஜாமர்’ என்ற காற்றுத்தடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போனார்கள். ‘நம் வண்டியில் அவன் சம்பாதிக்கிறானே’ என்று ஹோண்டாவுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். 1980-இல் முழுக் காற்றுத்தடுப்பு, பக்கப் பெட்டிகள் எல்லாம் தானே போட்டு ‘இன்டர்ஸ்டேட்’ மாடலைக் கொண்டுவந்தது. ஸ்டீரியோவும் கேட்டால் கிடைக்கும். பிறகு கேசட் டெக் வந்தது, முன்னே பின்னே உட்கார்ந்திருக்கும் தம்பதி பேசிக்கொள்ள இன்டர்காம் வந்தது. 1988 மாடலில் ஆறு சிலிண்டர், ரிவர்ஸ் கியர். நம் ஊரில் ஒரு குடும்பம் வீடு கட்டிக் குடிபோவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தன.

ஆறு சிலிண்டர் என்பதுதான் விஷயம். ஒரு சுற்றுக்கு மூன்று வெடி. 3000 சுற்றில் விநாடிக்கு 150. தாளமாவது கீளமாவது, ஒரே ரீங்காரம். வண்டி தானாகப் பாடாததால் பாட்டுப்பெட்டி வைத்தார்கள் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

அந்தப் பாட்டுப்பெட்டி எப்படிப் பாடியது? காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது ஓர் அறை. ஸ்பீக்கர் தள்ளும் காற்றுக்குப் போக்கிடம் கிடையாது. அந்தச் சின்னக் கூட்டுக்குள் பேஸ் கனத்து வரும். மோட்டார் சைக்கிளில் சுவருமில்லை, கூரையுமில்லை. ஐந்தாறு அங்குல ஸ்பீக்கர், அதுவும் மழையில் நனைந்தாலும் ஊறிப்போகாத பிளாஸ்டிக் கூம்பு. அது தள்ளும் தாழ்ந்த ஒலி வயல்வெளிக்குப் போய்ச் சேரும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போச்சு. வாட்டைக் கூட்டினால்? இரண்டு மடங்கு வாட்டுக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் காற்று நிற்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் அதன் இரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டும். அதிலும் தாழ்ந்த ஒலிதான் அதிகம். அதற்குப் பேட்டரி வேண்டாம், வாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நடப்பது என்னவென்றால் பேஸ் முழுக்கக் காற்றுக்கு நைவேத்தியம். ஓட்டுகிறவருக்குப் பிரசாதமாக வந்து சேர்வது ஜால்ராச் சத்தமும் பாடகரின் மூக்கும். இளையராஜா பாட்டு போட்டால் பேஸ் கிடார்க்காரருக்கு அன்று லீவு.

வேகத்துக்கு ஏற்றாற்போல் தானே வால்யூமை ஏற்றி இறக்கும் உபாயத்தையும் வைத்துப் பார்த்தார்கள். அந்த உபாயம் இல்லாத வண்டி சிக்னலில் நின்றதும் வால்யூமைத் திரும்ப இறக்க வேண்டும் என்ற எண்ணம் பல முதலாளிகளுக்கு வருவதில்லை. மோட்டார் சைக்கிள் ஸ்டீரியோவை முழுசாக, எல்லா வாத்தியமும் தெளிவாகக் கேட்டு அனுபவித்தவர்கள் உலகத்தில் ஒரே வகையினர்தான்: பக்கத்தில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தவர்கள்.

ஹார்லி டேவிட்சனுக்கு இந்தப் பஞ்சம் இல்லை. 45 டிகிரியில் பிரிந்த இரட்டைச் சிலிண்டர். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் 315 டிகிரி, அதற்கடுத்த வெடிக்கு 405 டிகிரி. இந்த நொண்டி நடைதான் அதன் சொத்து. 1994-இல் ‘இந்தச் சத்தம் எங்களுடையது, வேறு யாரும் போடக் கூடாது’ என்று அமெரிக்காவில் டிரேட்மார்க் கேட்டு மனுப்போட்டார்கள். மற்ற கம்பெனிகள் விழுந்தடித்துக்கொண்டு ஆட்சேபித்தன. ஆறு வருஷம் வக்கீல்கள் பிழைத்தார்கள். 2000-இல் ஹார்லி மனுவை வாபஸ் வாங்கியது. திருவொற்றியூரில் யாரும் அப்படி மனுப்போட்டதாகத் தெரியவில்லை. நம் ஊரில் இரைச்சலுக்கு உரிமை கோருவது ஆகிற காரியமா? தேர்தல் கமிஷன் முதல் அம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கமிட்டி வரை எத்தனை பேர் ஆட்சேபிக்க வருவார்கள்!

சொந்த வண்டி இவ்வளவு அருமையாகப் பாடியும் நம் ஆட்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. புல்லட்டில் ரேடியோ மாட்டினார்கள்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. காதில் வைத்தால் மட்டும் கேட்கிற டிரான்சிஸ்டருக்கு லைசென்ஸ். ஊரே கேட்கிற சைலன்சருக்கு இல்லை. நம் சட்டங்களின் அழகே அழகு.

டேங்க்கின் மேல் டிரான்சிஸ்டரைப் பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினார்கள். மீடியம் வேவில் சென்னை வானொலியின் 720-ஐயோ, விவித பாரதியின் 783-ஐயோ பிடித்து, வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். ரேடியோவுக்குள்ளிருந்தும் தட் தட் தட் என்றே வந்தது. காரணம் சுலபம். பிளக்கில் பாயும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். மீடியம் வேவ் ரேடியோ அதை அப்படியே வாங்கி ஒலிபரப்பும். விநாடிக்கு எட்டு வெடி என்றால் ரேடியோவிலும் எட்டுச் சொடுக்கு. வெளியே இன்ஜின் பாட, உள்ளே அதன் மின்சாரம் பின்பாட்டுப் பாட, நடுவில் செய்தி வாசிப்பவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம். எஃப்எம் இந்த வம்பில் மாட்டாது. இந்தியாவிலேயே முதன்முதலாக 1977-இல் சென்னையில்தான் அது வந்தது. ஆனால் அதைப் பிடிக்கிற பெட்டி புல்லட்காரர் கைக்கு வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

பிறகு பர்மா பஜார் உபயத்தில் டூ இன் ஒன் வந்தது. கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் ஓட வேண்டும். அதைக் கொண்டுபோய்ப் புல்லட் டேங்க் மேல் வைத்தால் என்ன ஆகும்? டி.எம்.எஸ். குரலில் அதுவரை இல்லாத கமகங்களெல்லாம் வந்தன. பொன்னேரிக்குப் போய்ச் சேர்வதற்குள் டேப் உள்ளே சிக்கி, உருளையில் சுற்றிக்கொண்டு, முதலாளி ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பென்சிலை விட்டுச் சுழற்றிக்கொண்டிருப்பார். பழைய புல்லட்டுக்கு 6 வோல்ட் மின்சாரம். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். அதிலிருந்தே வயர் இழுத்து டேப் ரெக்கார்டருக்கும் கொடுத்தவர்கள், இரவில் பாட்டா பாதையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

கவரைப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு மெக்கானிக் இந்த விவகாரத்தைத் தீர்த்துவைக்கிற அழகே தனி. பையன் ஒருவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான்.

“அண்ணே, டேப்புல பாட்டு சரியாவே கேக்கல. ஒரே கொர கொரன்னு கீது.”

அண்ணன் டேப் ரெக்கார்டர் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை இன்ஜின் மூடியின் மேல் ஓர் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காது மடலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுக்கச் சொல்லிச் சைகை. இன்னோர் இடம். இன்னும் ஓர் இடம்.

“பாட்டெல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. டேப்பட்தான் ஓவரா பாடுது. வண்டி ஆறட்டும், டீ சொல்லு.”

ஆறிய பிறகு சிலிண்டர் பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றுவார். உள்ளே இரண்டு புஷ் ராடுகள். அவற்றின் அடியில் இரண்டு ஸ்பேனரைப் போட்டு, ஒன்றைப் பிடித்து ஒன்றைத் திருகி, ராடை விரலால் உருட்டுவார். விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது; அதுதான் கணக்கு. மூடியைப் போட்டு ஓர் உதை விட்டால் கொர கொர போய்த் தட் தட் மட்டும் மிஞ்சும். டேப் ரெக்கார்டர்? “அத்த வூட்ல வெச்சி கேளு நைனா.” ஒலியின் தரம் பற்றி அதற்குப் பிறகு வந்த எத்தனையோ நிபுணர்களின் பேச்சைக் கேட்டாயிற்று, இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

1990-களில் திருவொற்றியூர் இன்னொரு ராகத்தையும் முயன்று பார்த்தது: டீசல் புல்லட். டாரஸ் என்று பெயர். 325 சிசி லொம்பார்டினி இன்ஜின், 6.5 குதிரைச் சக்தி. அந்த இனத்து இன்ஜின்களுக்கு வயல்வெளியிலும் ஜெனரேட்டரிலும்தான் வழக்கமாக உத்தியோகம். மைலேஜ் பிரமாதம். சத்தத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒருவர் கரும்புத் தோட்டத்தின் ஓரமாக ஓட்டிப் போனால் உள்ளே வேலை செய்கிறவர்கள் தண்ணீர் வருகிறதா என்று வாய்க்காலை எட்டிப் பார்த்திருப்பார்கள். வண்டி நின்றது, தண்ணீர் வரவில்லை, காலப்போக்கில் டீசல் புல்லட்டும் வரவில்லை.

1994-இல் ஐஷர் கம்பெனி எல்லாவற்றையும் வாங்கி, பெயரை ராயல் என்பீல்டு என்று மாற்றியது. நஷ்டம் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, 2000-ஆம் ஆண்டு வாக்கில், முதலாளி வீட்டுப் பிள்ளை சித்தார்த்த லால் ‘எனக்கு ஒரு சான்ஸ் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது புல்லட். அவர் கேட்டது புல்லட் கம்பெனி.

அவருக்கு எதிரே நின்ற வில்லன் சர்க்கார். புகைக்கு ஒரு விதி, சத்தத்துக்கு ஒரு விதி. 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் கடந்துபோகும்போது 80 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று வந்துவிட்டது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினால் இந்தப் பரீட்சைகளில் தேற முடியாது. புது இன்ஜின் தேவை. ஆனால் தட் தட் போனால் வாங்குகிறவன் போய்விடுவான். நிபுணர்களை வைத்துச் சத்தத்துக்கு வரைபடம் போட்டு, எந்த அமைப்பில் எவ்வளவு துடிப்பு கிடைக்கும் என்று பார்த்தார்கள். நீளமான ஸ்ட்ரோக்கை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்: புது இன்ஜினிலும் அதே 70, அதே 90. பழைய துடிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் தேறியது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நம் ஊர்க் கணக்கில் அது ஃபர்ஸ்ட் கிளாஸ். 2009-இல் கிளாசிக் வந்தது. கடைகளில் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். திருவொற்றியூரில் இடம் போதாமல் 2013-இல் ஒரகடம், பிறகு வல்லம் வடகால்.

ஆனால் பாக்கி 30 சதவீதத்தை இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ரகசிய இயக்கம் ஒன்று கிளம்பியது. கம்பெனி சைலன்சரைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, உள்ளே வெறும் குழாயாக இருக்கும் ஒன்றை வெளிக்கடையில் வாங்கி மாட்டுகிறவர்கள். விளைவு பழைய தட் தட் அல்ல, ‘டமார்’. பழைய வண்டி பாடியது கம்பீரத்தில். இது கத்துவது காழ்ப்பில். போலீஸ் பிடித்துக் கழற்றுகிறது. சில ஊர்களில் சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றிப் படம் எடுத்தார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஜெயிலில் அமைதியாக இருக்கும் என்பது சட்டம் இயற்றியவர்களின் நம்பிக்கை.

இதற்கிடையில் அமெரிக்க ஸ்டீரியோவும் இந்தியாவுக்குள் வந்துவிட்டது. அது வந்த கதை மகாபாரதத்தில் கிளைக்கதையாகச் சேர்க்கத் தகுந்தது. 2007-இல் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசின: நாங்கள் உங்கள் மாம்பழத்தை விடுகிறோம், நீங்கள் எங்கள் ஹார்லியை விடுங்கள். பேரம் முடிந்தது. மாம்பழம் அந்தப் பக்கம் போனது. 2010-இல் ஹார்லி இந்தப் பக்கம் விற்பனைக்கு வந்தது. பத்து வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு 2020-இல் சொந்தக் கடையை மூடி, வியாபாரத்தை ஹீரோ கையில் ஒப்படைத்தார்கள். மாம்பழம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பேரத்தில் ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோல்டு விங்கும் வந்தது, ஏறக்குறைய 40 லட்ச ரூபாய்க்கு. கிடார் ஆம்ப்ளிஃபயருக்குப் பேர்போன மார்ஷல் கம்பெனி ஸ்பீக்கரோடு பிஎம்டபிள்யூ ஒன்றும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஜிஎன்டி ரோட்டில் நின்றால் பார்க்கலாம். சென்னையிலிருந்து தடா, சூளூர்ப்பேட்டை, நெல்லூர் என்று கிளம்பும் கூட்டம். பளபளவென்று ஒரு பெரிய வண்டி, காற்றுத்தடுப்புக்குள் இரண்டு ஸ்பீக்கர், ஏதோ ராக் பாட்டு. கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது சிப்காட் உருக்காலைகளிலிருந்து கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று பக்கத்தில் வரும். ஏர் ஹாரனைக் கூட அடிக்க வேண்டாம். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் போதும். பின்னால் தொங்கும் பத்து டன் கம்பிகளும் ஒரே நேரத்தில் எழுந்து உட்காரும் அந்தச் சத்தத்தில் மார்ஷலாவது, மகாராஜாவாவது.

உள்ளபடிக்கு இந்தப் பிராந்தியத்தில் வண்டி ஸ்டீரியோ என்ற கலையை வளர்த்தவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்களே இல்லை, ஷேர் ஆட்டோக்காரர்கள். ஷிப்ட் முடிந்து வரும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோவில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சப்வூஃபர் பெட்டி இருக்கும். மேலே ரெக்சின் கூரை, மூன்று பக்கம் மனித உடம்பு. காரைப் போலவே மூடிய அறை கிடைத்துவிடுகிறது. பேஸ் எங்கேயும் தப்ப முடியாது. முதுகுத்தண்டின் கீழ்க்கோடியில் ஏறி, எட்டு மணி நேர வேலையில் பிடித்திருந்த பிடிப்பை எல்லாம் விடுவித்துவிட்டுத்தான் இறங்கும். நாற்பது லட்சத்தில் கிடைக்காதது பத்து ரூபாய் டிக்கெட்டில்.

பைக்கில் போன ஏழைபாழைகளுக்கு ஸ்டீரியோ கொடுத்தது ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா அங்கே 2006-இல் தொழிற்சாலை திறந்து 2014-இல் மூடியது. இடைப்பட்ட காலத்தில் சட்டை மேல்பாக்கெட்டில் பாடுகிற செல்போனை வைத்துக்கொண்டு டிவிஎஸ் 50-இல் போவது ஒரு நாகரிகமாயிற்று. கவனித்துப் பாருங்கள்: ஸ்பீக்கர் தாடைக்கு நேர் கீழே, காதிலிருந்து ஒரு சாண் தூரம். வேகம் முப்பது, நாற்பது, காற்றிரைச்சலும் குறைவு. கோல்டு விங்கின் இன்ஜினீயர்கள் எத்தனையோ வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்குக்கு விடை அந்தப் பாக்கெட்டில் இருந்தது. பேஸ் மட்டும் இல்லை. அது யாருக்கு இருந்தது?

ராயல் என்பீல்டு மட்டும் இன்றுவரை பிடிவாதமாக ஒரு ஸ்பீக்கர் வைக்கவில்லை. 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் வட்டத் திரையில் கூகுள் மேப் தெரியும். கைப்பிடியில் உள்ள பொத்தானால் செல்போனில் ஓடும் பாட்டை மாற்றலாம். பாட்டு உங்கள் ஹெல்மெட்டுக்குள் புளூடூத்தில். வண்டியின் வாய் வண்டிக்கே. சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

சோதனை வேறு ரூபத்தில் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மிலான் நகரத்தில் கம்பெனி தன் முதல் மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்டியது. ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி இறக்கிய 125 சிசி வண்டியின் பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் இல்லை, வெடி இல்லை, சைலன்சர் இல்லை. விநாடிக்கு சைபர் தட். ரோந்துக்கு ஏற்ற வண்டியை ஒருவழியாகச் செய்துவிட்டார்கள்; ராணுவத்துக்குப் பிடிக்குமா தெரியாது.

நம் ஆட்களைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வண்டி ஜிஎன்டி ரோட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவன் அதை ஒரு பட்டறையில் கொண்டுபோய் நிறுத்துவான். “அண்ணே, எல்லாம் ஓகே, சவுண்டுதான் இல்ல.” அண்ணன் பரணிலிருந்து பழைய சைலன்சர் ஒன்றை இறக்கி, அதன் வயிற்றுக்குள் ஒரு ஆறு அங்குல ஸ்பீக்கரைச் சொருகி, ஆக்சிலரேட்டரிலிருந்து வயர் இழுத்து, 1970-ஆம் வருஷத்துப் புல்லட் ஒன்றின் ஐடிலிங்கைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பார். ரசீது கேட்டால் ‘ஸ்டீரியோ ஃபிட்டிங்’ என்று எழுதுவார். எளாவூர் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் நிறுத்திக் கழற்றச் சொன்னால், “சார், இது சைலன்சர் இல்ல, டேப் ரெக்கார்டர்” என்று பையன் வாதாடுவான். சட்டப்படி அவன் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.